ஒரு சதவீதம் மூன்றாகி, மூன்று பூஜ்யமான கதை

2025 பிப்ரவரியில் ஒரு நாள் இரவு சித்தி போன் செய்தார். டிவியில் சிறுகோள் செய்தி பார்த்திருக்கிறார். "ஏப்பா, போன மாசம் ஒரு பர்சென்ட்னு சொன்னாங்க, இப்போ மூணுங்கறாங்க. அந்தக் கல்லு நம்ம பக்கமா திரும்பிடுச்சா?" என்று கேட்டார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் போன். "இப்போ ஒண்ணும் இல்லைன்னு சொல்றாங்களே, அது எப்படிப்பா? கல்லு வேற பக்கம் போயிடுச்சா?"

அந்த மாதம் நான் படித்த பல தலைப்புச் செய்திகளை விட இந்த இரண்டு கேள்விகளும் எனக்கு மிகவும் பிடித்துப்போயின. நிகழ்தகவு என்பது என்ன என்று கேட்க இதைவிட நேரான வழி கிடையாது. சித்திக்குப் போனில் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். கணக்குப் பாடம் மறந்துபோனவர்களும் தைரியமாகப் படிக்கலாம். வகுத்தல் தெரிந்தால் போதும்.

முதலில் என்ன நடந்தது என்று பார்த்துவிடுவோம். 2024 டிசம்பர் 27-ஆம் தேதி, சிலி நாட்டில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி ஒரு புதிய சிறுகோளைக் கண்டுபிடித்தது. அதற்கு வைத்த பெயர் 2024 ஒய்ஆர்4. வேடிக்கை என்னவென்றால், அது பூமியை நெருங்கி வந்து சென்றது டிசம்பர் 25-ஆம் தேதி. நாம் பார்த்தது அது விலகிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான். வாசலைத் தாண்டிப் போனவரின் முதுகை மட்டும் பார்த்த மாதிரி. அது சூரியனை ஏறக்குறைய நான்கு ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுகிறது. அதனால் 2028-லும், அப்புறம் 2032-லும் நம் பக்கம் வரும். 2032 டிசம்பர் 22-ஆம் தேதி பூமியில் மோத ஒரு சிறிய சாத்தியம் இருப்பதாகக் கணக்கு சொன்னது. ஜனவரி கடைசியில் அந்தச் சாத்தியம் 1 சதவீதத்தைத் தாண்டியது. பிப்ரவரி 18 அன்று நாசாவின் கணக்கில் 3.1 சதவீதம். மறுநாள் 1.5. அதற்கு மறுநாள் 0.28. பிப்ரவரி 24-க்குள் 0.004 சதவீதம், அதாவது நடைமுறையில் பூஜ்யம்.

கல்லை யாரும் தொடவில்லை. ராக்கெட் எதுவும் போகவில்லை. அது தன் பாதையில், தன் வேகத்தில், ஜனவரியில் எப்படிப் போனதோ அப்படியேதான் பிப்ரவரியிலும் போனது. பிறகு எண் மட்டும் ஏன் ஏறி இறங்கியது?

இதைப் புரிந்துகொள்ள ஒரு ரயில்வே கேட் போதும்.

ஊருக்கு வெளியே ஒரு லெவல் கிராசிங். தண்டவாளம் எங்கே இருக்கிறது என்பது நமக்கு நன்றாகத் தெரியும். சந்தேகம் ரயில் வரும் நேரத்தில்தான். அந்தத் தண்டவாளத்தை ஒரு நீளமான, மெதுவான வண்டி கடக்கப்போகிறது. கடந்து முடிக்க 7 நிமிடம் ஆகும். வண்டி எத்தனை மணிக்குக் கடக்கும் என்பது நொடி சுத்தமாகத் தெரியும். ரயில் எப்போது வரும் என்பது மட்டும் தெரியாது. அந்த 7 நிமிடத்துக்குள் ரயில் வந்தால் மோதல். முன்னாலோ பின்னாலோ வந்தால் ஒன்றும் இல்லை.

இங்கே தண்டவாளம் என்பது சிறுகோளின் சுற்றுப்பாதை. வண்டி என்பது நம் பூமி. 7 நிமிடத்தை நான் சும்மா சொல்லவில்லை. பூமி சூரியனைச் சுற்றும் வேகம் நொடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். அதன் விட்டம் சுமார் 12,740 கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள், தன் முழு உடம்பும் ஒரு கோட்டைக் கடக்க பூமிக்கு ஏறக்குறைய 7 நிமிடம்தான் ஆகிறது. இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்த அன்று எனக்கு ஒரு சிலிர்ப்பு வந்தது. எட்டு ஆண்டு ஓட்டத்துக்குப் பிறகு, சரியாக அந்த 7 நிமிடத்துக்குள் வந்து சேர்ந்தால்தான் மோதலே.

சரி, இப்போது எண்களுக்கு வருவோம். எளிமைக்காக நானே வைத்துக்கொள்ளும் எண்கள் இவை. முதல் வாரம் நம்மிடம் இருக்கும் தகவல் குறைவு. "ரயில் இந்த 10 மணி நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம்" என்று மட்டும் சொல்ல முடிகிறது. 10 மணி நேரம் என்பது 600 நிமிடம். அதில் ஆபத்தான நேரம் 7 நிமிடம். 7-ஐ 600-ஆல் வகுத்தால் சுமார் 1.2 சதவீதம்.

அடுத்த சில வாரம் இன்னும் கவனித்துப் பார்க்கிறோம். ரயில் வேகம் துல்லியமாகத் தெரிகிறது. "10 மணி நேரம் வேண்டாம், இந்த 4 மணி நேரத்துக்குள் வந்துவிடும்" என்று சொல்ல முடிகிறது. அந்த 4 மணி நேரத்துக்குள் நம் வண்டி கடக்கும் 7 நிமிடமும் இன்னும் இருக்கிறது. இப்போது 7-ஐ 240-ஆல் வகுக்க வேண்டும். சுமார் 2.9 சதவீதம். பார்த்தீர்களா, ரயில் எதுவும் செய்யவில்லை. நாம்தான் கொஞ்சம் புத்திசாலி ஆனோம். எண் ஏறிவிட்டது.

இன்னும் ஒரு நாள் கவனிக்கிறோம். இப்போது 2 மணி நேரத்துக்குள் என்று சொல்ல முடிகிறது. ஆனால் அந்த 2 மணி நேரம் தொடங்கும்போது நம் வண்டி ஏற்கெனவே கடந்து போயிருக்கும். எண் சட்டென்று பூஜ்யம்.

2024 ஒய்ஆர்4 விஷயத்தில் நடந்தது முழுக்க இதுதான். உண்மைக் கணக்கில் எல்லா நேரத்துக்கும் ஒரே எடை கிடையாது. நடுவில் அதிகமாகவும் ஓரத்தில் குறைவாகவும் இருக்கும். அதனால்தான் எண் ஒரே நாளில் பூஜ்யத்துக்குக் குதிக்காமல் 1.5, 0.28 என்று படி இறங்கியது. மற்றபடி கதை அதேதான். சந்தேகத்தின் வட்டம் சுருங்கச் சுருங்க, பூமி அதற்குள் இருக்கும் வரை எண் ஏறும். பூமி வட்டத்துக்கு வெளியே வந்ததும் விழும். அதாவது, மோதவே போகாத ஒரு கல்லுக்கும் முதலில் எண் ஏறுவதுதான் இயல்பு. இதை அந்தச் செய்திகளில் ஒரே ஒரு வரியாகச் சேர்த்திருந்தால் எத்தனையோ வீடுகளில் பலர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

இவ்வளவு சந்தேகம் ஏன் வருகிறது என்று கேட்கலாம். சில வாரம் மட்டும் பார்த்துவிட்டு எட்டு ஆண்டு தள்ளிச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதுதான் காரணம். எட்டு ஆண்டில் சுமார் 25 கோடி நொடி இருக்கிறது. கல்லின் வேகத்தை அளப்பதில் நொடிக்கு ஒரே ஒரு சென்டிமீட்டர் பிழை வந்தால்கூட, எட்டு ஆண்டு முடிவில் அது 2,500 கிலோமீட்டராக வளர்ந்து நிற்கும். நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்பது எறும்பு ஊரும் வேகம். தொலைநோக்கியில் தெரிவதோ நட்சத்திரங்களுக்கு நடுவே இரவுக்கு இரவு கொஞ்சம் இடம் மாறும் ஒரு மங்கலான புள்ளி. அதை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் சொல்கிறார்களே என்றுதான் எனக்கு வியப்பு.

ரயில்வே கேட் உதாரணம் இன்னொன்றையும் விளக்கும். அந்த நாட்களில் ஒரு வரைபடம் போனில் சுற்றியது நினைவிருக்கும். பசிபிக் பெருங்கடலின் கிழக்குப் பகுதியில் தொடங்கி, தென் அமெரிக்காவின் வடக்கு, அட்லாண்டிக், ஆப்பிரிக்கா, அரபிக் கடல், தெற்காசியா என்று ஒரு மெல்லிய பட்டை. மும்பை, கொல்கத்தா, டாக்கா எல்லாம் அந்தப் பட்டையில் வந்ததால் நம் பக்கம் செய்தி சூடாகப் பரவியது. ஏன் பட்டை? ஏன் பூமி முழுக்க இல்லை? தண்டவாளம் தெரியும், நேரம்தான் தெரியாது என்றேனே, அதனால்தான். கல் இருக்கக்கூடிய இடங்கள் எல்லாம் சேர்ந்து உருண்டை மாதிரி இல்லாமல், நீளமான நூல் மாதிரி இருந்தன. நூல் பூமியைத் தொட்டுப் போனால் தரையில் விழும் தடமும் ஒரு கோடாகத்தானே இருக்கும்.

அப்புறம் அந்த 3.1 சதவீதம். அது பெரிய எண்ணா, சின்ன எண்ணா? 3.1 சதவீதம் என்றால் ஏறக்குறைய 32-ல் ஒன்று. ஒரு நாணயத்தை ஐந்து முறை சுண்டி ஐந்து முறையும் தலையே விழுவதற்கு உள்ள சாத்தியமும் 32-ல் ஒன்றுதான். இரண்டை ஐந்து முறை பெருக்கினால் 32. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இன்னும் சுலபமாகச் சொல்லலாம். 2018-இல் இங்கிலாந்து போன இந்திய அணி ஐந்து டெஸ்ட் ஆடியது. ஐந்திலும் விராட் கோலி டாஸ் தோற்றார். முன்கூட்டிக் கேட்டால் அதற்கு இருந்த சாத்தியம் 32-ல் ஒன்று. நடக்காது என்று தைரியமாகச் சொல்லிவிட முடியாத, அதே சமயம் நடக்கும் என்று நம்பவும் முடியாத ஒரு எண் அது. விஞ்ஞானிகள் ஏன் வெளியே சொன்னார்கள் என்பதும், ஏன் பதறவில்லை என்பதும் இந்த டாஸ் உதாரணத்தில் சேர்ந்தே புரிகிறது.

"உறுதியாகத் தெரியும்வரை சொல்லாமல் இருந்திருக்கலாமே" என்று நண்பர் ஒருவர் சொன்னார். எனக்கு அதில் சம்மதம் இல்லை. 1 சதவீதம் தாண்டினால் உலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று முன்பே ஒரு விதி வைத்திருக்கிறார்கள். அறிவித்தால்தான் எல்லா நாட்டுத் தொலைநோக்கிகளும் அந்தப் பக்கம் திரும்பும். திரும்பினால்தான் சந்தேகம் சுருங்கும். எண்ணை வெளியே சொன்னதால்தான் எண் இவ்வளவு சீக்கிரம் இறங்கியது. மறைத்து வைத்திருந்து பிறகு கசிந்திருந்தால், அடுத்த முறை யார் நம்புவார்கள்?

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதலில் 40 முதல் 90 மீட்டர் என்றார்கள். இவ்வளவு பெரிய இடைவெளி ஏன்? தொலைநோக்கிக்குத் தெரிவது வெளிச்சம் மட்டும்தான். சுண்ணாம்பு பூசின சின்னக் கல்லும் கரி பூசின பெரிய கல்லும் தூரத்திலிருந்து ஒரே அளவு வெளிச்சத்தைத் தரும். பிறகு ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி அந்தக் கல்லின் வெப்பத்தைப் பார்த்தது. வெப்பம் நிறத்தை வைத்து அவ்வளவாக ஏமாற்றாது. கிடைத்த விடை சுமார் 60 மீட்டர்.

60 மீட்டர் கல் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் ஓரளவு பக்கமான உதாரணம் உண்டு. 1908 ஜூன் 30 அன்று சைபீரியாவின் துங்குஸ்காவில் வானில் வெடித்த கல் சுமார் 2,150 சதுர கிலோமீட்டர் காட்டைச் சாய்த்தது. ஆள் நடமாட்டம் குறைந்த இடம் என்பது நம் அதிர்ஷ்டம். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேலே வெடித்தது சுமார் 20 மீட்டர் கல். ஏறக்குறைய 1,500 பேருக்குக் காயம், பெரும்பாலும் உடைந்த ஜன்னல் கண்ணாடியால். அதைப் பற்றி முன்கூட்டி யாருக்கும் ஒரு சதவீதமும் தெரியாது. அது சூரியன் இருக்கும் பக்கத்திலிருந்து வந்தது. பகலில் நட்சத்திரம் பார்க்க முடியாதது போலத்தான், அந்தப் பக்கம் தரையிலிருந்து பார்க்க முடியாது. இதில் ஒரு ஆச்சரியம், அன்றைக்கே இன்னொரு சிறுகோள் பூமிக்குப் பக்கமாக வந்து போவதாக முன்பே கணித்து, அதற்காகத் தொலைநோக்கிகள் காத்திருந்தன. எதிர்பார்த்த விருந்தாளி ஒழுங்காக வந்து போனார். எதிர்பாராதவர் ஜன்னலை உடைத்துவிட்டார்.

ஆகவே பயம் என்று ஒன்று வேண்டுமானால் அதை நான் எண் தெரிந்த கல்லின் மேல் வைக்க மாட்டேன். எண்ணே தெரியாத கல்லின் மேல்தான் வைப்பேன்.

இந்த இடத்தில் நம் மொழி பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. செய்திகளில் "மோத 3 சதவீத வாய்ப்பு" என்று எழுதினார்கள். வாய்ப்பு என்றால் நமக்கு நல்லது வரும் வாசனை அடிக்கிறது. மழைக்கு வாய்ப்பு, வேலை வாய்ப்பு. பாடநூல் சொல் நிகழ்தகவு. அழகான சொல்தான், ஆனால் "நிகழும் தகுதி" என்று காதில் விழுகிறது. அந்தத் தகுதி கல்லுக்குள்ளேயே எங்கோ இருப்பது போலவும், அது கூடிக் குறைவது போலவும் ஒரு மயக்கம். சித்திக்கு வந்தது அந்த மயக்கம்தான். கல் மோதுமா மோதாதா என்பது ஏற்கெனவே முடிவான விஷயம். பாதையும் வேகமும் அமைந்துவிட்டன. 3.1 என்பது நமக்கு அதைப் பற்றி எவ்வளவு தெரியும் என்பதன் அளவு. பிரசவ அறைக்கு வெளியே நிற்பவருக்கு ஆணா பெண்ணா என்பது பாதிக்குப் பாதி. உள்ளே இருக்கும் குழந்தைக்கு அப்படி இல்லையே.

இதே நாடகம் முன்பும் ஒருமுறை நடந்திருக்கிறது. இன்னும் பெரிய கல். 2004 ஜூனில் அமெரிக்காவின் கிட் பீக் வானாய்வகத்தில் கண்டுபிடித்து, இரண்டு இரவு மட்டும் பார்த்து, பிறகு கைவிட்டுப்போய், டிசம்பரில் மறுபடியும் கண்ணில் பட்ட சிறுகோள் அப்போஃபிஸ். குறுக்களவு 300 மீட்டருக்கும் மேல். 2029 ஏப்ரல் 13-ஆம் தேதி மோதும் சாத்தியம் 2.7 சதவீதம் வரை ஏறியது. ஆபத்தை 0 முதல் 10 வரை அளக்கும் டொரினோ அளவுகோலில் 4-ஐத் தொட்ட ஒரே சிறுகோள் அதுதான். 2024 ஒய்ஆர்4 தொட்டது 3. அப்போஃபிஸ் அந்த உச்சத்தைத் தொட்ட தேதி 2004 டிசம்பர் 27. சுனாமிக்கு மறுநாள். நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் மட்டக்களப்பிலும் முல்லைத்தீவிலும் கரையில் உறவுகளைத் தேடிக்கொண்டிருந்த நாள். வானத்துக் கல்லைப் பற்றிக் கேட்க அன்று யாருக்கும் மனம் இல்லை. அந்த எண்ணும் நீடிக்கவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் எடுத்த பழைய படங்களைத் தோண்டியபோது, யாரும் கவனிக்காமல் விட்ட ஒரு மங்கலான புள்ளியாக அப்போஃபிஸ் அவற்றில் இருந்தது. ஒன்பது மாதம் பழைய ஒரு புள்ளி கூடுதலாகக் கிடைத்ததும் சந்தேகம் சுருங்கியது, 2029-இல் மோதாது என்று தெளிவானது.

இதிலிருந்து எனக்கு ஒரு ஆசை. சிறுகோள் செய்தி போடும்போது சதவீதத்துக்குப் பக்கத்தில், எத்தனை நாள் பார்த்த தகவலை வைத்துச் சொல்கிறார்கள் என்பதையும் போட வேண்டும். பத்து நாள் பார்த்த கல்லின் 3 சதவீதமும் பத்து ஆண்டு பார்த்த கல்லின் 3 சதவீதமும் ஒன்றல்ல. முதலாவது நாளையே மாறும். இரண்டாவது வந்தால் நானும் எழுந்து உட்கார்ந்து கேட்பேன்.

2024 ஒய்ஆர்4 கதையில் ஒரு சின்ன மிச்சம் உண்டு. பூமி தப்பியது, ஆனால் சுருங்கிய வட்டத்துக்குள் நிலா மாட்டிக்கொண்டது. நிலாவில் மோதும் சாத்தியம் 2025 பிப்ரவரியில் 1.7 சதவீதம், ஏப்ரலில் 3.8, ஜூனில் 4.3. இப்போது இந்த ஏற்றம் உங்களுக்குப் புதிராக இருக்காது. அதற்குள் கல் மங்கிக் கண்ணுக்கு மறைய, சில மாதம் புதிய தகவல் வரவில்லை, எண்ணும் அங்கேயே நின்றது. 2026 பிப்ரவரியில் ஜேம்ஸ் வெப் மறுபடியும் அதைப் பார்த்த பிறகு, நிலாவிலும் மோதாது என்று தெளிவானது.

நிஜமாகவே மோதும் என்று தெரிந்தால் என்ன செய்வது என்றும் சித்தி கேட்டார். அதற்கும் ஒத்திகை நடந்திருக்கிறது. 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம், சுமார் 160 மீட்டர் உள்ள டைமார்ஃபஸ் என்ற கல்லில் வேண்டுமென்றே போய் மோதியது. அந்தக் கல் இன்னொரு பெரிய கல்லை 11 மணி 55 நிமிடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மோதலுக்குப் பிறகு அந்த நேரம் அரை மணிக்கும் சற்று மேலே குறைந்தது. இதில் ரயில்வே கேட்டை மறுபடியும் நினைத்துக்கொள்ளுங்கள். ரயிலைத் தடம் புரட்ட வேண்டியதில்லை. கேட்டுக்கு ஒரு பத்து நிமிடம் முன்னே பின்னே வரவைத்தால் போதும். எட்டு ஆண்டு முன்னாலேயே தெரிந்தால் அதற்குத் தேவை, எறும்பு ஊரும் வேகத்தில் சில மடங்குத் தள்ளல்தான்.

அப்போஃபிஸ் இன்னும் வரவே இல்லை. 2021-இல் ரேடார் கொண்டு அளந்த பிறகு, 2029-இல் அது எங்கே இருக்கும் என்பது சில கிலோமீட்டர் துல்லியத்தில் தெரிந்துவிட்டது. அடுத்த நூறு ஆண்டுக்கு ஆபத்து இல்லை. தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் உயரத்தில், நம் டிவி செயற்கைக்கோள்கள் சுற்றும் உயரத்துக்கும் கீழே கடந்து போகும். ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியாவில் வெறும் கண்ணாலேயே பார்க்கலாம் என்கிறார்கள். மிக அருகில் வரும் நேரம் நம் கடிகாரத்தில் ஏப்ரல் 14 அதிகாலை மூன்றேகால் மணி. அன்று சித்திரை முதல் நாள். சித்தி எப்படியும் கனி பார்க்க விடியுமுன் எழுந்துவிடுவார். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் முன்னதாக எழுந்து எனக்கும் ஒரு போன் போடச் சொல்லியிருக்கிறேன்.